அரிதும் கடினமும் ஒன்றல்ல: ரோட்டரி எஞ்சினைப் பற்றிய ஓர் அச்சத்துக்கு மறுப்பு

கார் எஞ்சின்களைப் பற்றிப் பேசுவோரிடையே ஐயத்துக்கு இடமற்ற உண்மைபோல வழங்கிவரும் கருத்து ஒன்று உண்டு. மாஸ்டா நிறுவனத்தின் ரோட்டரி எஞ்சினைப் பிரித்துப் பூட்டும் வேலை அதற்கென்றே காலத்தைச் செலவிட்ட ஒருசில வல்லுநர்களுக்கு மட்டுமே உரியது என்றும், ஸ்பேனர் பிடித்துப் பழகாத ஒருவர் அதில் கைவைத்தால் பணத்தையும் எஞ்சினையும் ஒருசேர இழப்பார் என்றும் அக்கருத்து கூறுகிறது. இது மூன்று கிளைகளைக் கொண்டது: இந்த எஞ்சினின் அமைப்பு ஏனையவற்றைக் காட்டிலும் சிக்கலானது, ஆகவே அனுபவமற்ற கைக்கு அடங்காது என்பது முதற்கிளை, இது பிறவியிலேயே நொய்மையானது, ஆகவே எத்தனை முறை பூட்டினாலும் நிலைக்காது என்பது இரண்டாவது, கற்றுக்குட்டிகள் பூட்டிய எஞ்சின்கள் சில மாதங்களிலேயே மீண்டும் படுத்துவிடுவது இவ்விரண்டுக்கும் சான்று என்பது மூன்றாவது. மூன்றும் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து நிற்பதால்தான் உறுதியாகத் தோன்றுகின்றன. தனித்தனியே நிறுத்திப் பார்த்தால் ஒன்றுகூட நிற்பதில்லை.

இக்கருத்தின் வேரில் ஒரு சொல்மயக்கம் இருக்கிறது. தமிழில் ‘அரிது’ என்னும் சொல், காணக் கிடைக்காதது என்றும் செய்தற்குக் கடினமானது என்றும் இருபொருள் படும். மொழியில் இவ்விரு பொருளும் ஒரே சொல்லில் குடியிருக்கலாம், பட்டறையில் இரண்டையும் ஒன்றாகக் கொள்வது பிழை. ரோட்டரி எஞ்சினைப் பூட்டத் தெரிந்தவர்கள் அரியர் என்பது உண்மை; அவ்வேலை கடினமானது என்னும் முடிவு அந்த உண்மையிலிருந்து பிறப்பதில்லை. அறிந்தோர் ஏன் அரியர் ஆயினர் என்பதை வாகன வணிகத்தின் வரலாற்றில் தேட வேண்டும்; வேலை எவ்வளவு கடினம் என்பதை எஞ்சினைத் திறந்து பார்த்தே சொல்ல வேண்டும்.

சிக்கல் எங்கே இருக்கிறது?

வழக்கமான எஞ்சினில் பிஸ்டன் உருளைக்குள் மேலும் கீழுமாக ஓடி, கனெக்டிங் ராடு வழியாகக் கிராங்க் ஷாஃப்டைச் சுழற்றுகிறது. காற்றும் எரிபொருளும் உள்ளே வரவும் புகை வெளியேறவும் வால்வுகள் திறந்து மூடுகின்றன. அவ்வால்வுகளை உரிய கணத்தில் அசைக்கக் கேம் ஷாஃப்டும், அதைச் சுழற்றச் சங்கிலியோ பெல்ட்டோ வேண்டியிருக்கின்றன. ரோட்டரி எஞ்சினில் இவற்றுள் ஒன்றும் இல்லை. பக்கங்கள் சற்றே புடைத்த முக்கோண வடிவ ரோட்டர், நிலக்கடலைத் தோட்டைப் போல இடை ஒடுங்கிய அறைக்குள், மூன்று முனைகளும் சுவரைத் தொட்டபடியே சுழல்கிறது. ரோட்டரின் மூன்று முகங்களுக்கும் சுவருக்கும் இடைப்பட்ட வெளிகள் சுழற்சியின்போது மாறிமாறி விரிந்து சுருங்குவதால், ஒரு முகத்தில் காற்று உறிஞ்சப்படும் வேளையிலேயே இன்னொரு முகத்தில் அமுக்கமோ எரிதலோ நிகழ, மற்றொன்றிலிருந்து புகை வெளியேறுகிறது. காற்று நுழையும் வழியும் புகை போகும் வழியும் வெறும் துளைகளே. அவற்றை மூடித் திறப்பது ரோட்டரின் உடல். ரோட்டரின் நடுவிலுள்ள 51 பற்கள் கொண்ட உட்பல் சக்கரம், பக்கத் தகட்டில் அசையாமல் பொருத்தப்பட்ட 34 பல் சக்கரத்தின்மேல் உருண்டு செல்ல, ரோட்டர் ஒருமுறை சுற்றுவதற்குள் நடுவே செல்லும் விலகுமைய அச்சு மூன்று முறை சுற்றிவிடுகிறது.

இரட்டை ரோட்டர் எஞ்சினில் சுழலும் பெரிய உறுப்புகள் மூன்றே: ரோட்டர்கள் இரண்டு, அச்சு ஒன்று. அவற்றைச் சூழ்ந்து அலுமினிய அறைகள் இரண்டும், அவற்றுக்கு முன்னும் இடையிலும் பின்னுமாக இரும்புத் தகடுகள் மூன்றும் அடுக்கப்பட்டு, முழு அடுக்கையும் ஊடுருவிச் செல்லும் நீண்ட போல்ட்டுகளால் இறுக்கப்படுகின்றன. எண்ணிக்கையில் மிகுந்தவை சீல்கள், அதாவது அமுக்கமும் எண்ணெயும் கசியாமல் காக்கும் அடைப்புகள், மட்டுமே. முனைகளில் நிற்கும் அபெக்ஸ் சீல்கள் எனும் முனை சீல்கள் 6, முனைகளின் இரு ஓரங்களிலும் அமரும் மூலை சீல்கள் 12, ரோட்டரின் பக்கங்களில் வளைந்து செல்லும் பக்க சீல்கள் 12, எண்ணெயைத் தடுக்கும் வளையங்கள் 8, ஆக 38. பதினாறு வால்வுகளைக் கொண்ட சாதாரண நான்கு சிலிண்டர் எஞ்சினில், வால்வு, அதன் ஸ்பிரிங், தொப்பி, பூட்டுத்துண்டுகள், எண்ணெய் சீல் என்று மேற்பகுதியிலேயே எண்பதுக்கும் மேற்பட்ட துண்டுகள் வந்துவிடுகின்றன. பிஸ்டன்களும் அவற்றின் ரிங்குகளும் அதற்குப் பின்னரே எண்ணப்பட வேண்டியவை. இவ்விரண்டையும் அருகருகே பிரித்துப் பரப்பி வைத்தபின் ரோட்டரியைச் சிக்கலானது என்று சொல்வதற்கு நெஞ்சழுத்தம் வேண்டும்.

பிழை நேர்ந்தால் அது வெளிப்படும் விதத்திலும் வேறுபாடு உண்டு. பிஸ்டன் எஞ்சினில் கேம் ஷாஃப்டின் சங்கிலி சில பற்கள் தவறிப் பூட்டப்பட்டால், பல வகைகளில் அத்தவறு தெரியவருவது எஞ்சினைக் கிளப்பும்போது பிஸ்டன் வால்வை மோதி வளைத்த பிறகுதான். ரோட்டரியில் உட்பல் சக்கரம் ஒரு பல் தவறிச் சேர்ந்தால், ரோட்டரைச் சுற்றி அறை இறங்கவே மறுக்கும்; எஞ்சினே வேலையை நிறுத்திப் பிழையைச் சுட்டிக்காட்டிவிடுகிறது. தொடக்கநிலையில் உள்ளவருக்கு இதைவிட நல்ல ஆசிரியர் கிடைப்பதில்லை.

கற்றவற்றின் ஆயுளையும் இங்கே கருத வேண்டும். மாஸ்டா 1967-இல் காஸ்மோ ஸ்போர்ட் காரில் வைத்த 10ஏ முதல், 2012-இல் உற்பத்தி நின்ற ஆர்எக்ஸ்-8 காரின் ரெனிசிஸ் வரை, பெரும்பாலான ரோட்டரி எஞ்சின்களின் அடிப்படை அளவுகள் இரண்டு மாறாமலே இருந்தன: ரோட்டரின் மையத்திலிருந்து முனைவரை 105 மில்லிமீட்டர், அச்சின் விலகல் 15 மில்லிமீட்டர். அறையின் அகலம் மட்டும் 60, 70, 80 மில்லிமீட்டர் என வளர, ஓர் அறையின் கொள்ளளவு 10ஏ வகையில் 491 கன சென்டிமீட்டராகவும், 12ஏ வகையில் 573 ஆகவும், 13பி வகையில் 654 ஆகவும் உயர்ந்தது. சீல்களின் தடிமன், எண்ணெய் செலுத்தும் முறை, துளைகளின் இடம் ஆகியவை மாறினும் அடுக்கும் முறை மாறவில்லை. ஏறத்தாழ 45 ஆண்டு உற்பத்தியை ஒரே அடிப்படை அறிவால் அணுக முடியும் என்ற இந்த வசதியைப் பிஸ்டன் எஞ்சின்களின் உலகம் அனேகமாக அறியாது.

பிறவி நோய் என்னும் குற்றச்சாட்டு

நொய்மைக் குற்றச்சாட்டு வெறும் கற்பனையில் பிறந்ததன்று. ஃபெலிக்ஸ் வான்கெலின் கருத்துருவைக் கொண்டு 1950-களின் இறுதியில் முதல் எஞ்சின்களை ஓட்டிக்காட்டிய ஜெர்மனியின் என்எஸ்யூ நிறுவனம், 1967-இல் ரோ 80 என்னும் காரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அடுத்த ஆண்டே ஐரோப்பாவின் சிறந்த கார் என்னும் விருதைப் பெற்ற அக்காரின் தொடக்ககால எஞ்சின்கள் பல, 50,000 கிலோமீட்டரைக்கூடத் தொடாமல் முனை சீல்கள் தேய்ந்து ஓய்ந்தன. உத்தரவாதத்தின்கீழ் எஞ்சின் எஞ்சினாக மாற்றிக்கொடுத்த செலவு என்எஸ்யூவைத் தளர்த்தியது. 1969-இல் அந்நிறுவனம் வோக்ஸ்வாகன் குழுமத்துக்குள் ஆட்டோ யூனியனுடன் இணைக்கப்பட்டது. ரோட்டரி நிலைக்காது என்னும் பேச்சுக்கு ஊற்றுக்கண் இந்நிகழ்ச்சியே.

ஆயினும் இந்த வரலாற்றின் மறுபாதியை அப்பேச்சு சொல்வதில்லை. 1961-இல் என்எஸ்யூவிடம் உரிமம் பெற்ற ஹிரோஷிமாவின் டோயோ கோக்யோ, அதாவது பின்னாளைய மாஸ்டா, கெனிச்சி யமமோட்டோவின் தலைமையில் 47 பொறியாளர்களை இதற்கென்றே ஒதுக்கியது. அவர்கள் முதலில் எதிர்கொண்டது, அறையின் சுவரில் அலையலையாக விழுந்த கீறல்கள். அவற்றைப் ‘பேயின் நகக்கீறல்’ என்றே அவர்கள் அழைத்தனர். முனை சீல் சுவரின்மேல் சீராக வழுக்காமல் தன் இயல்பான அதிர்வெண்ணில் துடிப்பதே காரணம் என்று கண்டறிந்து, சீலின் வடிவத்தையும் பொருளையும் மாற்றினர். அலுமினியம் ஊட்டிய கரிமத்தால் ஆன சீல்களோடுதான் 1967-இல் காஸ்மோ ஸ்போர்ட் சாலைக்கு வந்தது. மறு ஆண்டு நூர்பர்க்ரிங் களத்தில் 84 மணி நேரம் நடந்த தாங்குதிறன் போட்டியில் ஓடிய இரண்டு காஸ்மோக்களுள் ஒன்று நான்காம் இடத்தில் முடித்தது. 1991-இல் நான்கு ரோட்டர்களைக் கொண்ட மாஸ்டா 787பி, 24 மணி நேர ல மான் போட்டியில் 362 சுற்றுகள் ஓடி வென்றது.

பந்தய எஞ்சின் வேறு, சாலை எஞ்சின் வேறு என்று எதிர்த்தரப்பு கூறலாம், அது நியாயமே. 787பியின் சீல்களின் பொருளும் அதற்குக் கிடைத்த பராமரிப்பும் சாலைக் காருக்குக் கிடைப்பவை அல்ல. ஆனால் குற்றச்சாட்டு ‘பிறவி நோய்’ என்பது. ஒரு தத்துவம் பிறவியிலேயே நிலைக்க இயலாதது என்றால், எந்தப் பொருளைக் கொண்டும் எந்தப் பராமரிப்பாலும் அது 24 மணி நேரம் முழுவேகத்தில் ஓடியிருக்கக் கூடாது. ஓடியது என்பதனால் நோய் தத்துவத்தில் இல்லை என்பதும், குறிப்பிட்ட சில உறுப்புகளிலும் குறிப்பிட்ட சில பழக்கங்களிலும்தான் அதைத் தேட வேண்டும் என்பதும் பெறப்படும்.

அந்த இடங்கள் நன்கு அறியப்பட்டவை. அறையின் ஒரு பக்கம் எப்போதும் குளிர்ந்த காற்றையும் எதிர்ப்பக்கம் எப்போதும் தீயையும் சந்திப்பதால் எஞ்சின் உடல் சீரற்றுச் சூடேறுகிறது; அலுமினிய அறையும் இரும்புத் தகடும் வெவ்வேறு அளவில் விரிகின்றன; எஞ்சின் ஒருமுறை அளவுமீறிக் கொதித்துவிட்டால், அவற்றுக்கிடையே கூலண்ட் கசியாமல் காக்கும் ரப்பர் வளையங்கள் பழுதாகின்றன. முனை சீல்களுக்கு உயவளிக்கவென்றே சிறிதளவு எண்ணெய் அறைக்குள் செலுத்தப்பட்டு எரிக்கப்படுகிறது. எண்ணெய் குறைவதை நோய் என்று எண்ணி அந்த பம்பை அடைத்துவிடுவோரும், எண்ணெய் அளவைப் பார்க்காமலே ஓட்டுவோரும் சீல்களைத் தாமே கொல்கிறார்கள். டர்போ வகைகளில் எரிபொருள் போதாமல் கலவை நேரங்கெட்டு வெடித்தால் முனை சீல் முறிகிறது. இவற்றுள் எதுவும் விதி அன்று. ஒவ்வொன்றுக்கும் காரணம் உண்டு, காரணத்தை அகற்றும் வழியும் உண்டு.

அளவு சொல்லும் தீர்ப்பு

வல்லுநர் வாதத்தின் வலுவான வடிவம் இனிமேல்தான் வருகிறது. எஞ்சினை அடுக்குவது எளிதாக இருக்கலாம். ஆனால் பிரித்தெடுத்த உறுப்புகளுள் எது மீண்டும் உதவும், எது உதவாது என்று தீர்மானிப்பது ஆயிரம் எஞ்சின்களைக் கண்ட கண்ணுக்கே கைவரும் என்பது அவ்வாதம். தீர்மானமே இவ்வேலையின் உயிர் என்பதில் ஐயமில்லை. அத்தீர்மானம் எதைக் கொண்டு செய்யப்படுகிறது என்பதில்தான் வாதம் பிழைபடுகிறது.

தயாரிப்பாளரின் பணிமனைக் கையேடு இத்தீர்மானங்களில் பெரும்பாலானவற்றை எண்களாகவே அச்சிட்டுத் தந்திருக்கிறது. 13பி வகையை எடுத்துக்கொண்டால், பக்கத் தகட்டில் சீல்கள் ஓடித் தேய்ந்த பள்ளம் 0.10 மில்லிமீட்டருக்கு மிகக் கூடாது; நேர்விளிம்புக் கோலை வைத்துப் பார்க்கையில் தகட்டின் கோணல் 0.04 மில்லிமீட்டருக்கு மிகக் கூடாது. பக்க சீலின் நுனிக்கும் மூலை சீலுக்கும் இடைவெளி புதிதாகப் பூட்டும்போது 0.05 முதல் 0.15 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். அச்சு முன்னும் பின்னுமாக நகரும் அளவு 0.04 முதல் 0.07 மில்லிமீட்டருக்குள் அமைய வேண்டும், அமையாவிடில் வேறு தடிமனுள்ள இடைவளையம் ஒன்றை மாற்றிப் போட வேண்டும். மெல்லிய உலோக இலைகளால் இடைவெளியை அளக்கும் ஃபீலர் கேஜ், மைக்ரோமீட்டர், டயல் கேஜ் ஆகிய மூன்று கருவிகளையும் பிடிக்கக் கற்ற எவருக்கும் இவ்வெண்கள் ஒரே விடையைத்தான் தரும்; அளப்பவர் முப்பது ஆண்டு அனுபவசாலியா முதல் எஞ்சினைத் தொடுபவரா என்று ஃபீலர் கேஜ் கேட்பதில்லை.

கைத்திறன் என்று உண்மையிலேயே சொல்லத்தக்க வேலை ஒன்று இருக்கிறது: பக்க சீல்களைப் பொருத்துவது. பன்னிரண்டு சீல்களில் ஒவ்வொன்றையும் அதனதன் காடியில் வைத்து, நுனியை நுண்ணரத்தால் இரண்டு மூன்று இழுப்பு இழுத்து, மீண்டும் வைத்து அளந்து, இடைவெளி குறித்த எல்லைக்குள் வரும்வரை திரும்பத் திரும்பச் செய்து, எந்தச் சீல் எந்தக் காடிக்கு உரியது என்று எண்ணிட்டு வைக்க வேண்டும். அளவுக்கு மிஞ்சித் தேய்த்த சீல் குப்பைக்குத்தான் போகும். ஆனால் இழப்பு ஒரு சீலின் விலையோடு நின்றுவிடுகிறது. இவ்வேலைக்கு வேண்டியது பொறுமை. நாளொன்றுக்கு இத்தனை எஞ்சின் என்று கணக்கு வைத்திருக்கும் பட்டறையைவிட, ஒரே எஞ்சினோடு வாரக்கணக்கில் உட்காரக்கூடிய தொடக்கநிலையாளருக்கே அது மிகுதியாகக் கிடைக்கும்.

அனுபவம் வழிகாட்டுவதற்குப் பதிலாக வழிமாற்றும் இடங்களும் இதில் உண்டு. பிஸ்டன் எஞ்சினில் பழகிய மெக்கானிக், அமுக்கத்தை அளக்கத் தம் வழக்கமான கேஜைப் பொருத்துவார். அதன் உள்ளிருக்கும் ஒருவழி வால்வு மிக உயர்ந்த அழுத்தத்தைப் பிடித்து நிறுத்திக் காட்டும். ரோட்டரியில் ஒரு ரோட்டருக்கு மூன்று முகங்கள் இருப்பதால், ஒரு முகத்தின் சீல் உடைந்து அமுக்கமே இல்லாதிருந்தாலும் நலமான முகத்தின் அளவே அக்கேஜில் தெரியும். நோய்ப்பட்ட எஞ்சினுக்கு நற்சான்று கிடைத்துவிடும். அந்த வால்வைக் கழற்றிவிட்டு முள்ளின் மூன்று துடிப்புகளையும் தனித்தனியே கவனிக்க வேண்டும், அல்லது ரோட்டரிக்கென்றே செய்த அளவியைப் பயன்படுத்த வேண்டும் என்பதைக் கையேட்டைப் படித்த புதியவர் அறிந்திருப்பார். பழக்கத்தை நம்பியவர் அறியாதிருக்கலாம். இவ்வாறே, குளிர்ந்த நிலையில் கிளப்பிச் சில அடி நகர்த்தி நிறுத்திய ரோட்டரி, பெட்ரோல் தேங்கி, சுவரின் எண்ணெய்ப் படலம் கழுவப்பட்டு, மீண்டும் கிளம்பாமல் அடம்பிடிப்பது உண்டு. தேங்கிய பெட்ரோலை வெளியேற்றிச் சிறிது எண்ணெய் விட்டால் உயிர்பெறும் அந்த எஞ்சினை, அமுக்கம் போய்விட்டது என்று சொல்லிப் பிரித்தெடுக்கப் பரிந்துரைப்பதும் பழக்கத்தின் விளைவே.

தனிக் கருவிகள் பற்றிய அச்சமும் இதே இனத்தைச் சேர்ந்தது. ஃப்ளைவீலைப் பிடித்து நிற்கும் 54 மில்லிமீட்டர் நட்டு 400 நியூட்டன்-மீட்டர் அளவில் இறுக்கப்பட்டது. அதற்குப் பெரிய சாக்கெட்டும் நீண்ட கைப்பிடியும், ஃப்ளைவீலைப் பிடித்து நிறுத்தும் பூட்டும், கூம்பிலிருந்து இழுக்கும் புல்லரும் தேவை. எஞ்சினைத் தூக்கும் சங்கிலி ஏற்றியை எந்த எஞ்சினுக்கும் வாடகைக்குத்தான் எடுப்பார்கள். பூட்டும்போது சீல்களையும் ரப்பர் வளையங்களையும் காடிகளில் விழாமல் பிடித்துவைக்கத் தேவைப்படுவது வாசலின். பழைய காடிகளில் இறுகிய கரியைச் சுரண்ட, உடைந்த பழைய சீல் துண்டையே பலர் கருவியாகக் கொள்கின்றனர்.

மீண்டும் படுத்த எஞ்சின்கள்

கற்றுக்குட்டிகள் பூட்டியவை விரைவில் படுத்துவிடுகின்றன என்னும் மூன்றாவது கிளை, சான்று என்ற பெயரில் வருவதால் கூடுதல் கவனத்துக்கு உரியது. அப்படிப் படுத்த எஞ்சின்கள் உண்டு, மறுப்பதற்கில்லை. அவை எதனால் படுத்தன என்பதே கேள்வி.

இவற்றில் பெரும்பகுதி பூட்டிய கையால் விளைந்தவை அல்ல. பழைய எஞ்சின் கொதித்துப் போனதற்குக் காரணமான அடைபட்ட ரேடியேட்டரையே புதிதாகப் பூட்டிய எஞ்சினோடும் இணைத்தால், கூலண்ட் வளையங்கள் மீண்டும் கெடும். எரிபொருள் குறைவால் முனை சீல் முறிந்த டர்போ எஞ்சினுக்குப் புதிய சீல்களைப் போட்டுவிட்டு, சோதிக்கப்படாத அதே இஞ்செக்டர்களையும் அதே பெட்ரோல் பம்பையும் பொருத்தினால், முறிந்த கதை மீண்டும் நடக்கும். ஆர்எக்ஸ்-8 காரில் வலுவிழந்த இக்னிஷன் காயிலும், எரியாத பெட்ரோலால் கெட்டு அடைபட்ட புகைக்குழாய் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரும் எஞ்சினைச் சுட்டெரிப்பவை. அவற்றை விட்டுவைத்து எஞ்சினை மட்டும் புதுப்பிப்பவர், நோயாளிக்கு மருந்து கொடுத்து நோய்க்கிருமி உள்ள அறையிலேயே மீண்டும் படுக்கவைப்பவர். இத்தவறு வல்லுநர் பட்டறையில் பூட்டிய எஞ்சினுக்கும் நேரக்கூடியதே. எஞ்சினை மட்டும் கட்டிக்கொடுத்து, காரின் ஏனைய பகுதிகளைக் காணாமலே அனுப்பும் பட்டறைக்கு அது எளிதில் நேரும்.

கையின் பிழையால் வருபவையும் உண்டு. அவை எண்ணி முடிக்கத்தக்கவை. முன்புறத்துப் பெரிய போல்ட்டைக் கையாளும்போது அச்சின் முனையிலுள்ள ஊசி பேரிங் இடம்நழுவித் தட்டுகளுக்கிடையே நசுங்குவது ஒன்று. கூலண்ட் வளையம் காடியிலிருந்து எழும்பிய நிலையில் தகட்டை இறக்குவது இன்னொன்று. சீலின் அடியில் இருக்க வேண்டிய சிறு ஸ்பிரிங் விழுந்ததைக் கவனியாமல் மூடுவது மற்றொன்று. இவற்றுள் முதலாவது, அச்சின் முன்பின் நகர்வை அளந்தவுடன் வெளிப்பட்டுவிடும். ஏனையவை, ஒவ்வோர் அடுக்கையும் இறக்குமுன் எண்ணிச் சரிபார்த்தால் நேரா. குறித்த ஒழுங்கில் படிப்படியாக போல்ட்டுகளை 32 முதல் 39 நியூட்டன்-மீட்டர்வரை டார்க் ரென்ச்சால் இறுக்கிய பின், அச்சைக் கையால் சுழற்றி, ஒவ்வொரு முகமும் காற்றைத் தள்ளும் ஓசையைக் கேட்டுப் பார்ப்பது வழக்கம். பூட்டிய எஞ்சின் காருக்குள் போகுமுன்பே தன் நலத்தைப் பெருமளவு சொல்லிவிடுகிறது.

ஒப்புக்கொள்ள வேண்டியவை

எதிர்த்தரப்பின் கூற்றுகளில் ஏற்கத்தக்கவற்றை ஏற்காத மறுப்பு நேர்மையானதாகாது. பிஸ்டன் எஞ்சினின் உருளை தேய்ந்தால் லேத் பட்டறையில் ரீபோர் செய்து, சற்றே பெரிய பிஸ்டனைப் போட்டுவிடலாம். ரோட்டரியின் அறைச்சுவருக்கு அந்த வழி இல்லை. அலுமினியத்துக்குள் பதித்த எஃகுத் தகட்டின்மேல் ஏற்றிய குரோமிய முலாம் உதிர்ந்திருந்தால், பெரும்பாலும் அறையையே மாற்ற வேண்டும். பழைய அறைகள் குறைந்துவர அவற்றின் விலை ஏறுகிறது. ஆகவே பிரித்துப் பார்க்கும்வரை செலவு எவ்வளவு என்று எவராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. இது வேலையின் கடினத்தைப் பற்றியது அன்று, உறுப்புகளின் விலையைப் பற்றிய உண்மை; வல்லுநரிடம் கொடுத்தாலும் அந்த அறையின் விலை குறைவதில்லை, அதன்மேல் கூலியும் சேர்கிறது. சுவர் உதிர்ந்ததைக் கண்ட பின்னும் ‘இந்த முறை ஓட்டிவிடலாம்’ என்று பழையதையே பூட்டும் சிக்கனம்தான் ஆபத்தானது. அச்சிக்கனத்துக்கும் அனுபவமின்மைக்கும் தொடர்பில்லை.

சில வேலைகளைத் தொடக்கநிலையாளர் பிறரிடம் கொடுப்பதே முறை. பள்ளம் விழுந்த தகடுகளைச் சமன்செய்வது இயந்திரப் பட்டறையின் வேலை. பேரிங்குகளைக் கழற்றி அழுத்திப் பொருத்துவதற்கு அழுத்தி வேண்டும். துளைகளைப் பெரிதாக்கி ஆற்றலைக் கூட்டும் வேலையும், டர்போ அழுத்தத்தை உயர்த்தும் வேலையும் முதல் எஞ்சினில் முயலத்தக்கவை அல்ல. ஆனால் பிஸ்டன் எஞ்சினைப் பூட்டுபவரும் உருளையைத் தாமே ரீபோர் செய்வதில்லை, கிராங்க் ஷாஃப்டைத் தாமே கடைவதில்லை. அதனால் அவர் எஞ்சின் பூட்டத் தகுதியற்றவர் என்று எவரும் சொன்னதில்லை. ஒரே அளவுகோலை இருவருக்கும் வைக்க வேண்டும்.

அறிந்தோர் ஏன் அரியர்?

இத்தனை சான்றுகளுக்குப் பின்னும் அச்சம் நீடிப்பதற்குக் காரணம் எஞ்சினுக்குள் இல்லை. அது விற்கப்பட்டும் பழுதுபார்க்கப்பட்டும் வந்த முறையில் இருக்கிறது. என்எஸ்யூவின் காலத்திலிருந்தே பழுதான ரோட்டரிக்கு வழக்கமான தீர்வு, எஞ்சினை முழுமையாக எடுத்துவிட்டு இன்னொன்றை வைப்பதாக இருந்தது. மாஸ்டாவும் தொழிற்சாலையில் புதுப்பித்த எஞ்சின்களை விற்பனையாளர்களுக்கு வழங்கியது. அமெரிக்காவில் 2004 முதல் 2008 வரையிலான ஆர்எக்ஸ்-8 கார்களின் எஞ்சினுக்கு உத்தரவாதத்தை 8 ஆண்டு அல்லது 1,00,000 மைல் என நீட்டித்தபோதும், பழுதுக்குப் பரிகாரமாக அமைந்தது பெரும்பாலும் இந்த மாற்று முறையே. வாடிக்கையாளருக்கு இது நன்மையே என்றாலும், அதன் பக்கவிளைவாக விற்பனையாளரின் பட்டறையிலிருந்த மெக்கானிக்குகள் தலைமுறை தலைமுறையாக ரோட்டரியைக் கழற்றி இறக்கவும் ஏற்றவும் மட்டுமே கற்றனர், திறந்து பார்க்கவில்லை. திறக்காத பெட்டிக்குள் என்ன இருக்கிறதோ என்ற அச்சம் இயல்பாகவே வளர்ந்தது.

இதற்கு எதிர்ச்சான்று, மாற்று எஞ்சின் எளிதில் கிடைக்காத இடங்களிலும் காலங்களிலும் காணப்படுகிறது. நியூசிலாந்திலும் ஆஸ்திரேலியாவிலும் போர்ட்டோ ரிக்கோவிலும் பழைய 12ஏ, 13பி எஞ்சின்களைச் சுற்றி வளர்ந்த ஆர்வலர் பண்பாடு, வீட்டுக் கொட்டகைகளிலும் சிறு பட்டறைகளிலும் இவற்றைத் திறந்து திறந்து பழகியதால் உருவானது. ஓரிடத்தில் சாதாரணமான வேலை இன்னோரிடத்தில் மாயவித்தையாகத் தோன்றுமானால், வேறுபாடு எஞ்சினில் இல்லை என்பது வெளிப்படை.

இந்த அச்சத்தின் விலையைக் கார்களே செலுத்துகின்றன. பிரித்துப் பூட்டியிருக்க வேண்டிய எஞ்சினைத் தாங்கிய ஆர்எக்ஸ்-8 கார்கள் மலிவாகக் கைமாறி, உதிரிபாகங்களுக்காக உடைக்கப்படுகின்றன. ஒவ்வொன்று உடையும்போதும் எஞ்சியவற்றுக்கான நல்ல அறைகளும் தகடுகளும் குறைகின்றன, அறிந்தோர் மேலும் அரியராகின்றனர், அச்சம் மேலும் நியாயமானதாகத் தோன்றுகிறது.

ஆகவே இத்தகைய கார் ஒன்றை வைத்திருந்து, அதை உடைப்புக்கடைக்கு அனுப்பலாம் என்ற அறிவுரையைக் கேட்டுக்கொண்டிருப்பவர், அந்த அறிவுரைக்கு இணங்குமுன் ஓர் அளவையாவது எடுத்துப் பார்க்கட்டும். எஞ்சின் நிமிடத்துக்கு 250 சுற்று சுற்றும்போது, இரு ரோட்டர்களின் ஆறு முகங்களின் அமுக்கத்தையும் தனித்தனியே அளக்க வேண்டும். ஆர்எக்ஸ்-7 காரின் 13பி வகையில் ஒவ்வொரு முகமும் சதுர சென்டிமீட்டருக்கு 6 கிலோகிராமுக்குக் குறையாமலும், முகங்களுக்கிடையே வேறுபாடு 1.5-க்கு மிகாமலும் இருந்தால் அமுக்கத்துக்காக அந்த எஞ்சினைப் பிரிக்கத் தேவையில்லை. அதற்குக் கீழே இறங்கியிருந்தால், கையேட்டின் எஞ்சின் பகுதியை முதற்பக்கத்திலிருந்து கடைசிப்பக்கம்வரை ஒருமுறை படித்துவிட்டு, அதன்பிறகு முடிவெடுக்கட்டும்.